அகப்பாடலில் உள்ளுறை: எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது

சங்க காலக் காதல் பாடல்களை, அதாவது அகப்பாடல்களைக் கொண்ட அகநானூற்றின் 46ஆம் பாடலுக்கு 16 அடிகள். பாடியவர் அள்ளூர் நன்முல்லையார். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்பிய தலைவன் வாசலில் நிற்கிறான். தலைவியின் தோழி அவனை உள்ளே விட மறுக்கிறாள். கோபத்தோடு பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இது. ஆனால் முதல் ஆறு அடிகளில் அவள் பேசுவதெல்லாம் ஓர் எருமையைப் பற்றி:

சேற்றுநிலை முனைஇய செங்கட் காரான்
ஊர்மடி கங்குலின் நோன்தளை பரிந்து
கூர்முள் வேலி கோட்டின் நீக்கி
நீர்முதிர் பழனத்து மீன்உடன் இரிய
அம்தூம்பு வள்ளை மயக்கித் தாமரை
வண்டுஊது பனிமலர் ஆரும் ஊர!

சேற்றில் நின்று நின்று வெறுத்துப்போன சிவந்த கண்ணுடைய எருமை, ஊர் உறங்கும் இருட்டில் வலிய கயிற்றை அறுத்துக்கொள்கிறது. கூரிய முள்வேலியைக் கொம்பால் தள்ளிவிட்டுத் தண்ணீர் நிறைந்த பழனத்தில், அதாவது வயலோர நீர்நிலையில், இறங்குகிறது. மீன்கள் சிதறி ஓடுகின்றன. துளையுள்ள தண்டுடைய வள்ளைக்கொடியை உழப்பிவிட்டு, வண்டு மொய்க்கும் குளிர்ந்த தாமரைப் பூவைத் தின்கிறது. 'அப்படிப்பட்ட ஊரை உடையவனே' என்று விளித்த பிறகுதான், 'உன்னோடு ஊடுவதற்கு நீ எங்களுக்கு யார்?' என்று அவள் பேச்சைத் தொடங்குகிறாள்.

முதல்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஆறு அடிகளை ஊர் வருணனை என்று எண்ணி வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தலைவன்மேல் தோழி சுமத்தும் குற்றம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இந்த உத்தியைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. 'இது இப்படி ஒத்துப் பொருள் முடியட்டும்' என்று உள்ளே வைத்து முடிப்பது உள்ளுறை என்பது அதன் விளக்கம்:

உள்ளுறுத்து இதனொடு ஒத்துப்பொருள் முடிகென
உள்ளுறுத்து இறுவதை உள்ளுறை உவமம்.

'ஒத்துப் பொருள் முடிக' என்ற சொற்களைக் கவனியுங்கள். மறைபொருள் என்றாலே அவரவர் மனம்போல எதையும் சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அகப்பாடலைப் பொறுத்தவரை அது சரியில்லை. மறைபொருள் பாடலில் எங்கே இருக்கும் என்பதற்கு மரபு உண்டு. யார் எந்த அளவுக்கு அதைப் பேசலாம் என்பதற்கும் மரபு உண்டு. நாம் கண்டது சரிதானா என்று பார்க்கப் பாடலுக்குள்ளேயே வழியும் உண்டு.

எங்கே இருக்கும்

அகப்பாடலின் உறுப்புகளைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அந்நிலத்தில் இருப்பவை கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மனநிலைகளும் அவற்றின் காரணங்களும் உரிப்பொருள். பாடல் உண்மையில் பேச வருவது உரிப்பொருளைத்தான். முதலும் கருவும் அதைத் தாங்கி நிற்கின்றன.

உள்ளுறைக்கு இடமாவது கருப்பொருள். அதிலும் தெய்வத்தை விலக்கிவிட வேண்டும்: 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலம் எனக் கொள்ளும் என்ப குறியறிந் தோரே.' முருகனைப் பற்றிய குறிப்பைத் தலைவனுக்கு உள்ளுறையாக விரித்துக்கொண்டு போனால் முதல் அடியிலேயே வழி தவறிவிட்டோம் என்று பொருள். மீன், நண்டு, எருமை, குரங்கு, மாம்பழம், பலா, தாமரை: தேட வேண்டியது இவற்றில்.

இவற்றைப் பாடலில் எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பதற்கு எளிய அடையாளம் ஒன்று இருக்கிறது. தலைவனைக் குறிக்கும் திணைப்பெயரைக் கண்டுபிடியுங்கள். மருதத்தில் ஊரன், மகிழ்நன். குறிஞ்சியில் நாடன், வெற்பன், சிலம்பன், பொருப்பன். நெய்தலில் சேர்ப்பன், துறைவன், கொண்கன், புலம்பன். இந்தப் பெயருக்கு முன்னால் அதைத் தழுவி நிற்கும் நீண்ட அடைமொழிதான் உள்ளுறை பெரும்பாலும் குடியிருக்கும் இடம். மேலே பார்த்த பாடலில் 'ஊர!' என்ற விளிக்கு முன்னுள்ள அத்தனையும் அதன் அடை. அந்தப் பகுதிக்கு அடைப்புக்குறி போட்டுக்கொண்டால் பாடல் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பேச்சு.

பாலைப் பாடலில் தலைவன் விடலை, காளை, மீளி என்றுதான் வருவான். அவனுக்கென்று ஒரு நில வருணனை அங்கே இருக்காது. அவன் கடந்து போகும் சுரத்தில், அதாவது வறண்ட காட்டு வழியில், என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைப் பின்னால் ஒரு பாடலில் காணலாம்.

முதலில் வெளிப்பொருள்

உள்ளுறையைத் தேடி அவசரப்படுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. எருமை என்ன செய்கிறது என்று முழுதாகப் புரியாமல், எருமை எதைக் குறிக்கிறது என்று கேட்கக் கூடாது.

ஆகவே முதலில் கூற்றைப் பாருங்கள். பாடலின் அடியில் 'தோழி தலைமகற்கு வாயில் மறுத்தது' என்பது போன்ற குறிப்பு இருக்கும். யார் பேசுகிறார், யாரிடம், அருகில் மறைந்து கேட்பது யார் என்பதை அது சொல்லும். பிறகு பயனிலையைத் தேடுங்கள். சங்கப் பாடலில் வாக்கியம் நீளும்; ஆறு அடிக்கு ஒரே முற்று வரும். எந்த வினை எந்தப் பெயரோடு முடிகிறது என்று தெரியாதவரை காட்சி கலங்கலாகவே இருக்கும். அடுத்து, செயல்களை நடந்த வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாக, அந்த விலங்கையோ மரத்தையோ பற்றி நமக்கு என்ன தெரியும், அந்தக் காலத்தவர் என்ன நம்பினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்துக்கொள்ளலாம். இடப்பக்கம் அகநானூறு 46இன் செயல்கள் ஏழு: சேற்றை வெறுத்தது, ஊர் உறங்கும் இரவு, தளையை அறுத்தது, வேலியை நீக்கியது, மீன்கள் ஓடியது, வள்ளை உழன்றது, வண்டு ஊதும் தாமரையைத் தின்றது. வலப்பக்கத்தை நிரப்ப வேண்டிய செய்தியைப் பாடலின் மீதிப் பத்து அடிகளிலிருந்து எடுக்க வேண்டும். கற்பனையிலிருந்து எடுக்கக் கூடாது.

அந்தப் பத்து அடிகள் சொல்வது இவ்வளவுதான்: நீண்டு தழைத்த கூந்தலை உடைய வேறொருத்தியை நம் வீட்டுக்கே கொண்டுவந்து நீ மணந்தாய் என்று ஊரார் சொல்கிறார்கள், அதை நாங்கள் சொல்ல மாட்டோம், நீ வாழ்க, பாண்டிய மன்னன் செழியனின் அள்ளூர் போன்ற இவளுடைய ஒளிவளை நெகிழ்ந்தாலும் நெகிழட்டும், நீ போ, பெருமானே, உன்னைத் தடுப்பவர் யார்?

இப்போது எருமைக்குத் திரும்புவோம். சேறு என்றதும் எருமை விரும்பிப் புரளும் குட்டை என்று எண்ணிவிடக் கூடாது. கயிறும் வேலியும் பேசப்படுகின்றன. ஆகவே இது கட்டிவைத்த இடத்துச் சேறு. நின்ற இடத்திலேயே நின்று சலித்த எருமை, வீட்டில் சலித்த தலைவன். தளை அவனைக் கட்டவேண்டிய நாணமும் இல்லறக் கடமையும். கூர்முள் வேலி, மீறினால் குத்தும் என்று தெரிந்தும் அவன் தள்ளிவிட்ட கட்டுக்காவல். ஊர் உறங்கும் நேரம், யாருக்கும் தெரியாது என்ற அவனுடைய எண்ணம். ஆனால் தண்ணீருக்குள் எருமை இறங்கினால் மீன் சும்மா இருக்குமா? சிதறி ஓடும். அவன் மறைத்தது ஊரெல்லாம் பரவியதற்கு அது பொருந்துகிறது. பாடலின் பிற்பகுதியில் வரும் 'என்ப', அதாவது 'சொல்கிறார்கள்' என்பது அந்தப் பரவலைக் காட்டுகிறது.

தாமரைக்கு 'வண்டு ஊது' என்ற அடை இருக்கிறது. பிறரும் வந்துபோகும் பூ அது. அந்த அடை இல்லாவிட்டால் பரத்தை என்ற பொருள் உறுதியாகாது. வினையையும் பாருங்கள்: 'ஆரும்', தின்கிறது. வண்டு தேனை எடுத்துக்கொண்டு பூவை விட்டுவிடும். எருமைக்கு அந்தப் பூ வெறும் தீனி. அவன் நாடிப்போனவளைக்கூட அவன் மதிக்கவில்லை என்று தோழி சொல்லிவிடுகிறாள்.

வள்ளை மட்டும் முழுதாக இறுகவில்லை. இடையில் அகப்பட்டு நசுங்குபவர்கள் என்று கொள்ளலாம். அது தலைவியா, பரத்தையைச் சுற்றியிருப்பவர்களா என்று பாடல் தெளிவாக்கவில்லை. அப்படியானால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்வதுதான் நேர்மை. ஏழில் ஆறு பொருந்தினாலே உள்ளுறை நிற்கும். ஏழாவதையும் இழுத்துப் பொருத்தினால் மற்ற ஆறும் நம்பிக்கையை இழக்கும்.

இது சரியான வாசிப்பு என்பதற்குப் பாடலே சான்று வைத்திருக்கிறது. கடைசி அடி: 'சென்றீ பெரும, நிற் தகைக்குநர் யாரோ?' தடுப்பவர் யார் என்ற இந்தக் கேள்வி முதலில் வந்த கயிற்றையும் வேலியையும் தொடுகிறது. அவை தடுக்காத ஒன்றை நாங்களா தடுக்கப்போகிறோம்? உள்ளுறை சரியாக அமைந்தால் பாடலின் முடிவு தொடக்கத்தோடு இப்படிக் கைகோக்கும். நடுவில் ஒரு சொல் இருக்கிறது: 'அஃது யாம் கூறேம்.' எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு 'நாங்கள் சொல்ல மாட்டோம்' என்கிறாள். 'எந்தை', 'பெரும' என்று மரியாதையோடு அழைக்க வேண்டிய ஒருவனை எருமை என்று நேரே சொல்ல முடியாது. உள்ளுறை அந்த இக்கட்டிலிருந்து பிறக்கிறது. மறைக்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில், அங்கே மறைபொருள் இருக்கிறதா என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும்.

ஒரே பாடலில் இரண்டு உவமை

குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது. ஆறே அடிகளில் வெளிப்படை உவமையும் உள்ளுறையும் அடுத்தடுத்து நிற்பதால், இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை இதில் கற்பது சுலபம்.

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும் தன் புதல்வன் தாய்க்கே.

பேசுபவள் பரத்தை. தலைவி தன்னை இழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு, கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவை போல, அவள் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். இதில் 'போல' இருக்கிறது. எதற்கு எது உவமை என்பது கேட்டவுடன் தெரிகிறது. தொல்காப்பியர் இதைத்தான் 'ஏனை உவமம் தானுணர் வகைத்தே' என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். தேட வேண்டியது எதுவும் இல்லை.

'ஊரன்' என்பதற்கு முன்னுள்ள இரண்டு அடிகளில் 'போல' இல்லை. வயலோர மாமரத்தில் முற்றிப் பழுத்துத் தானாக விழும் இனிய பழத்தை, பழனத்து வாளைமீன் கவ்வுகிறது. பழம் யார், மீன் யார்? இங்கே பலரும் தடுமாறுவார்கள். கவ்வுவது ஆண், கவ்வப்படுவது பெண் என்று பழக்கத்தில் மீனைத் தலைவனாக்கிவிடுவார்கள். பேசுபவள் யார் என்று நினைத்துப் பாருங்கள். 'அவனை மயக்கி இழுத்தவள் நீ' என்ற குற்றச்சாட்டுக்கு அவள் பதில் சொல்கிறாள். மீன் மரம் ஏறவில்லை, கல்லெறியவில்லை. பழம் தானாக விழுந்தது, வாயில் வாங்கிக்கொண்டது. ஆகவே பழம் தலைவன், மீன் தான். மாமரம் கழனியில், மீன் பழனத்தில் என்ற இடவேறுபாடும் பொருந்துகிறது. அவன் வேறொரு வீட்டுக்கு உரியவன். இவள் இருக்கும் இடத்துக்குத் தானே வந்தவன். உள்ளுறையில் ஒன்றுக்கு இரண்டு விடை தோன்றினால், பேசுபவரின் நோக்கத்துக்கு எது உதவுகிறதோ அதுவே பெரும்பாலும் சரி.

அந்தக் காலத்தவர் அறிந்த இயற்கை

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியை ஓரம்போகியார் பாடினார். அதிலுள்ள களவன் பத்து நண்டைப் பற்றியது. 24ஆம் பாடலில் தோழி சொல்கிறாள்: 'தாய்சாப் பிறக்கும் புள்ளிக் களவனொடு பிள்ளை தின்னும் முதலைத்து அவன்ஊர்.' தாய் சாகப் பிறக்கும் நண்டும் தன் குட்டியைத் தின்னும் முதலையும் உள்ள ஊர். அடுத்து, தழுவிய பெண்களின் நலத்தை எடுத்துக்கொண்டு அவன் கைவிடுவது ஏன் என்ற கேள்வி.

உயிரியல் படித்தவருக்கு இங்கே ஒரு தடை வரும். தாய் முதலை குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் என்பதை இன்று அறிவோம். கரையிலிருந்து பார்த்தவருக்கு அது தின்பதாகத் தோன்றியிருக்கலாம். உள்ளுறைக்கு வேண்டியது பாடலின் உலகம் நம்பிய முதலைதான். அன்பு காட்ட வேண்டிய இடத்தில் அழிவு நேரும் ஊர் அது. அந்த ஊர்க்காரன் வேறு எப்படி இருப்பான் என்பதே குறிப்பு. நம் அறிவைக் கொண்டு திருத்தினால் பொருள் குலைந்துவிடும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிழை இருக்கிறது. 'நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று' என்று தொடங்கும் குறுந்தொகை 3ஆம் பாடலில், கருங்கோல் குறிஞ்சிப் பூவைக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனைத் தலைவி பேசுகிறாள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது நமக்குத் தெரிந்ததால், அரிய காதல் என்று உடனே பொருள் எழுதத் தோன்றும். அழகான எண்ணம்தான். ஆனால் பாடலில் அருமையைப் பேசும் சொல் எங்கே? பெரிது, உயர்ந்தது, ஆழம் அளக்க முடியாதது என்று அளவைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது. அதற்குப் பொருந்துவது 'பெருந்தேன்': சிறு பூக்களிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்து பெரிதான தேன். 12 ஆண்டுக் கணக்கை ஓரக் குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். வாசிப்பின் அச்சாணியாக வைக்க முடியாது.

இறைச்சி: ஒத்து முடியாத குறிப்பு

எல்லாக் கருப்பொருளும் கட்டம் கட்டமாகப் பொருந்திவிடாது. குறுந்தொகை 69, கடுந்தோட் கரவீரனார் பாடியது:

கருங்கண் தாக்கலை பெரும்பிறிது உற்றெனக்
கைம்மை உய்யாக் காமர் மந்தி
கல்லா வன்பறழ் கிளைமுதல் சேர்த்தி
ஓங்குவரை அடுக்கத்துப் பாய்ந்து உயிர்செகுக்கும்
சாரல் நாட நடுநாள்
வாரல் வாழியோ வருந்துதும் யாமே.

ஆண்குரங்கு இறந்துவிட்டது. கைம்மையைத் தாங்க முடியாத பெண்குரங்கு, இன்னும் மரமேறும் தொழிலைக் கற்காத குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு, உயர்ந்த மலையிலிருந்து பாய்ந்து உயிரை விடுகிறது. அப்படிப்பட்ட நாட்டவனே, நள்ளிரவில் வராதே, நாங்கள் வருந்துகிறோம் என்கிறாள் தோழி.

இரண்டு பத்தித் தாளை இங்கே போட்டுப் பாருங்கள், நிற்காது. தலைவன் சாகவில்லை, குட்டி இல்லை, தலைவி குதிக்கவில்லை. ஆனாலும் பொருள் ஒன்று வெளியே எழுகிறது. இரவில் வரும் வழியில் உனக்கு ஏதாவது நேர்ந்தால் இவள் உயிர் தரிக்க மாட்டாள். உன் மலைக் குரங்குக்கே இருக்கும் அன்பு உனக்குத் தெரியாமலா போகும்? ஆகவே இரவில் வருவதை விட்டு மணந்துகொள். கடைசி வாக்கியத்தைத் தோழி வாய்திறந்து சொல்லவே இல்லை.

இதை இறைச்சி என்கிறோம். 'இறைச்சி தானே பொருட்புறத் ததுவே' என்கிறது தொல்காப்பியத்தின் பொருளியல். பொருளுக்குப் புறத்தே நிற்கும் குறிப்பு. இறைச்சியிலிருந்து மேலும் பொருள் பிறக்கும், திறம் தெரிந்தவர்களுக்கு அது புலப்படும் என்று அடுத்த நூற்பா சேர்க்கிறது. உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் எல்லை எங்கே என்பதில் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒன்றுபோல் விளக்கம் தரவில்லை. தொடங்குபவருக்கு ஒரு சோதனை போதும்: உறுப்புக்கு உறுப்பு ஒத்து முடிந்தால் உள்ளுறை, ஒத்து முடியாமல் காட்சி முழுவதும் சேர்ந்து ஒரு குறிப்பைத் தந்தால் இறைச்சி. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பாடல்களும் உண்டு. அவற்றுக்குப் பெயர் சூட்டுவதைவிடப் பொருளைப் பிடிப்பது முக்கியம்.

இறைச்சியின் ஒரு பயனைத் தொல்காப்பியமே எடுத்துச் சொல்கிறது: 'அன்புறு தகுந இறைச்சியுள் சுட்டலும் வன்புறை ஆகும் வருந்திய பொழுதே.' வருந்துபவளிடம், அன்பைத் தூண்டும் காட்சிகளைச் சுட்டுவது ஆறுதலாகும். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் குறுந்தொகை 37 இதற்கென்றே பிறந்தது போன்றது:

நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்
பிடிபசி களைஇய பெருங்கை வேழம்
மென்சினை யாஅம் பொளிக்கும்
அன்பின தோழி அவர்சென்ற ஆறே.

பிரிந்த தலைவனை எண்ணி வருந்தும் தலைவியிடம் தோழி, அவர் போன வழியில் பெண்யானையின் பசியைத் தீர்க்க ஆண்யானை யா மரத்தை உரிக்கும் என்கிறாள். அதைப் பார்ப்பவனுக்கு வீட்டு நினைவு வராமல் இருக்காது, திரும்புவான். பாலையில் சுரத்து வழியைப் பார்க்க வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

யார் எதைச் சொல்லலாம்

தொல்காப்பியத்தின் உவமவியலில் நான்கு சிறிய விதிகள் உண்டு. வாசிப்பைச் சரிபார்க்க இவ்வளவு கூர்மையான கருவி வேறில்லை. 'கிழவி சொல்லின் அவளறி கிளவி': தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாகத்தான் இருக்கும். 'தோழிக் காயின் நிலம்பெயர்ந்து உரையாது': தோழி தன் நிலத்தைத் தாண்டிப் பேசமாட்டாள். 'கிழவோற் காயின் உரனொடு கிளக்கும்': தலைவன் பேச்சில் அறிவின் உரம் இருக்கும். மற்றவர்களுக்கு இட வரையறை இல்லை. ஆகவே நீங்கள் கண்ட பொருள் நிற்க, தினைப்புனம் காக்கும் பெண்ணுக்குக் கடல் வாணிகம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஏற்பட்டால், பொருளைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வழக்கமாகத் தவறும் இடங்கள்

பூவுக்கும் பறவைக்கும் நிரந்தரப் பொருள் எழுதி வைத்துக்கொள்வது முதல் தவறு. அகநானூறு 46இல் தாமரையைப் பரத்தையாக்கியது 'வண்டு ஊது' என்ற அடையும் எருமையும் பேசுபவளும் சேர்ந்துதான். இன்னொரு பாடலில் அதே தாமரை வேறொன்றாக இருக்கும், அல்லது வெறும் தாமரையாகவே இருக்கும்.

பூவை வைத்துத் திணையை முடிவுகட்டுவதும் இப்படித்தான். ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் இன்னொரு நிலத்தில் வரலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. உரிப்பொருளைப் பார்த்துத்தான் திணையை முடிவுசெய்ய வேண்டும்.

வெளிப்படை உவமையில் உள்ளுறை தேடுவது மூன்றாவது. 'செம்புலப் பெயல்நீர் போல' என்று குறுந்தொகை 40 பேசும்போது அங்கே மறைவு எதுவும் இல்லை. அதன் அழகு வெளிச்சத்தில் இருக்கிறது.

காட்சியில் உண்மையாக நின்ற ஒன்றை அவசரமாகக் குறியீடாக்குவது இன்னும் நுட்பமான தவறு. கபிலரின் குறுந்தொகை 25இல், தலைவன் தன்னைக் கூடிய நாளில் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு ஒன்று மட்டும் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. இந்தக் குருகு 'நாடன்' என்பதற்கு அடையாக வரவில்லை. அன்றைக்கு அங்கே நின்ற பறவை அது. சாட்சி சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான். அதன் கவனமும் மீனில் இருந்தது. அந்தத் தனிமையை முதலில் முழுதாக உணர வேண்டும். தன் இரையே குறியான குருகில் தலைவனின் சாயல் தெரிகிறதா என்பது அதன் பிறகு வரும் கேள்வி. முதலிலேயே 'குருகு என்பது தலைவன்' என்று எழுதிவிட்டால், யாரும் சாட்சி இல்லை என்ற அவளுடைய அச்சம் பாடலிலிருந்து காணாமல் போய்விடும்.

கூற்றுக் குறிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை பாடலுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டவை. பெரும்பாலும் நம்பத் தகுந்தவை என்றாலும், பாடலின் சொற்கள் வேறொரு பேச்சாளரைக் காட்டினால் சொற்களின் பக்கம்தான் நிற்க வேண்டும்.

எதில் தொடங்குவது

அகநானூற்றில் தொடங்காதீர்கள், 13 முதல் 31 அடி வரை போகும் பாடல்களில் வாக்கியத்தைப் பிரிப்பதிலேயே சக்தி தீர்ந்துவிடும். ஐங்குறுநூற்றின் முதல் 100 பாடல்கள் நல்ல தொடக்கம். 3 முதல் 6 அடிகள்தான். ஒவ்வொரு பத்திலும் ஒரே கருப்பொருளோ ஒரே தொடரோ திரும்பத் திரும்ப வருவதால், அதே நண்டும் அதே எருமையும் சூழலுக்கேற்ப எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம். உ.வே.சாமிநாதையர் 1903இல் பழைய உரையோடு அதைப் பதிப்பித்தார்; அந்த உரை உள்ளுறையைச் சில சொற்களில் சுட்டிச் செல்லும். அடுத்து, 4 முதல் 8 அடி கொண்ட குறுந்தொகைக்குப் போகலாம். 1937இல் வந்த அவருடைய குறுந்தொகைப் பதிப்பில் பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை என்று தனித்தனியாக இருப்பதால், முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைக் கையால் மூடிக்கொண்டு நீங்களே முயலலாம்.

முதல் பயிற்சிக்குக் கபிலரின் குறுந்தொகை 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தோழி தலைவனிடம் பேசுகிறாள்:

வேரல் வேலி வேர்க்கோட் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யார்அஃது அறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே.

பலா இரண்டு முறை வருகிறது. 'தூங்கியாங்கு' என்று உவம உருபோடு வரும் இரண்டாவது வெளிப்படை: சிறு கொம்பில் பெரும் பழம், சிறு உயிரில் பெரிய காமம். முதல் பலா 'நாட' என்பதன் அடைக்குள் இருக்கிறது. அங்கே மூங்கில் வேலி உண்டு. பழம் வேரில் காய்த்து நிலத்தோடு இருக்கிறது. இரண்டு பலாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எதற்குக் காவல் உண்டு, எதற்கு இல்லை? எது விழ வழியில்லாதது, எது எந்நேரமும் முறியக்கூடியது? 'செவ்வியை ஆகுமதி' என்று அவள் கேட்பது என்ன? வலப்பக்கத்தை நிரப்பிய பிறகு விசேடவுரையிலிருந்து கையை எடுங்கள்.